நிகழ்ச்சிக்கு ஏற்ற பேச்சாளர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாநாடு, கருத்தரங்கு, பயிலரங்கு, நிறுவன ஆண்டு விழா என எதை நடத்தினாலும் பேச்சாளர் விஷயத்தில் எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். ஏற்பாட்டாளர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு இங்கே விடை தருகிறோம்.

பெயர்ப் பட்டியல் தயாரித்துவிட்டோம். அடுத்து என்ன?

பட்டியலைச் சற்று ஓரமாக வையுங்கள். அதற்கு முன்பு எழுத வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: உரை கேட்டவர் மறுநாள் எதை வேறு விதமாகச் செய்ய வேண்டும்? “விழிப்புணர்வு பெற வேண்டும்”, “ஊக்கம் அடைய வேண்டும்” என்பவை இதற்கு விடையாகா. அவை எந்தப் பேச்சாளருக்கும் பொருந்தும்; அதனாலேயே யாரையும் தேர்ந்தெடுக்க உதவா.

“சிறுதொழில் நடத்துபவர்கள் தங்கள் பொருளின் அடக்க விலையைத் தாங்களே கணக்கிட வேண்டும்” என்று எழுதினால், மேடையில் கணக்குப் போட்டுக் காட்டத் தெரிந்த ஒருவர் தேவை என்பது உடனே தெரிந்துவிடும். வெற்றிக் கதை சொல்லும் தொழிலதிபர் அங்கே பொருந்தமாட்டார். “செவிலியர்கள் ஷிப்டு மாறும்போது நோயாளியின் விவரங்களை ஒரே வரிசையில் ஒப்படைக்க வேண்டும்” என்பது நோக்கமானால், உங்களுக்கு உரையே வேண்டாம். 25 பேருக்குமேல் சேர்க்காத பயிற்சி வகுப்பும், வார்டில் வேலை பார்த்த பயிற்சியாளரும் போதும். பாதிப் பிழைகள் இந்த இடத்திலேயே நடக்கின்றன: பயிற்சி தேவைப்படும் இடத்தில் சொற்பொழிவு, சொற்பொழிவு தேவைப்படும் இடத்தில் கலந்துரையாடல்.

வாக்கியத்துக்குக் கீழே நான்கு விவரங்களைச் சேருங்கள்: எத்தனை பேர் வருகிறார்கள், அந்தப் பொருளில் அவர்களுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், விருப்பப்பட்டு வருகிறார்களா அனுப்பப்பட்டு வருகிறார்களா, உரைக்கு எவ்வளவு நேரம். மூன்றாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அலுவலக உத்தரவால் வந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச வேறு வகைத் திறமை வேண்டும்.

எவ்வளவு காலம் முன்னதாகத் தேட வேண்டும்?

சிறிய உள்ளரங்கக் கூட்டத்துக்கு 6 வாரம் போதும். பல அமர்வுகள் கொண்ட மாநாட்டுக்கு 4 முதல் 6 மாதம். பரவலாக அறியப்பட்டவர் என்றால் அதற்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது; அவர்களுடைய நாட்காட்டி ஓராண்டுக்கு நிறைந்திருப்பது வழக்கம். அழைப்பிதழ் அச்சாகும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், நிகழ்ச்சி நாளிலிருந்து அல்ல. பெயரும் தலைப்பும் அச்சகத்துக்குப் போகும் முன்பே உறுதியாக வேண்டும்.

எங்கே தேடுவது?

இணையத் தேடலில் முதலில் வருபவர்கள் தங்களை விளம்பரப்படுத்தத் தெரிந்தவர்கள். நன்றாகப் பேசுகிறவர்கள் என்பதற்கு அது சான்று ஆகாது. கீழே உள்ள இடங்களில் கிடைப்பவர்கள் பெரும்பாலும் உருப்படியாக இருப்பார்கள்:

- அதே துறையில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நடந்த மாநாடுகளின் நிகழ்ச்சி நிரல். மைய உரை நிகழ்த்தியவர்களைவிட, சிறு அமர்வுகளில் பேசியவர்களைக் கவனியுங்கள்.
- துறை இதழ்களில் தெளிவாக எழுதுகிறவர்கள். எழுத்து நன்றாக இருந்தால் பேச்சும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் சொல்ல விஷயம் இருக்கும்.
- பாட்காஸ்ட் நேர்காணல்கள். எழுதி வைத்துப் படிக்காமல், குறுக்குக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்கிறார் என்பது அங்கே தெரியும்.
- வர இயலாது என்று மறுத்த பேச்சாளர். “உங்கள் இடத்தில் யாரைக் கேட்கலாம்?” என்று அவரிடமே கேளுங்கள். இதைவிட நல்ல வழி குறைவு. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பவர் சுமாரான ஆளைச் சொல்லமாட்டார்.

பேச்சாளர் முகவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவார்கள், கடைசி நேரத்தில் ஒருவர் வராவிட்டால் மாற்று ஆளும் தருவார்கள். அவர்களுக்கான தரகு பெரும்பாலும் பேச்சாளரின் கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும். தங்கள் பட்டியலில் இருப்பவர்களை மட்டுமே அவர்கள் காட்டுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

பிரபலமானவரா, விஷயம் தெரிந்தவரா?

அரங்கை நிரப்புவதுதான் உங்கள் கவலை என்றால் பிரபலமானவர் உதவுவார். ஆட்கள் எப்படியும் வரப்போகிறார்கள் என்றால் பிரபலத்துக்குச் செலவிடும் பணம் வீண். பிரபலமானவர்களிடம் பெரும்பாலும் ஓர் உரை இருக்கும்; அதையே எங்கும் நிகழ்த்துவார்கள். அந்த உரை உங்கள் நோக்கத்துக்குப் பொருந்தினால் தாராளமாக அழைக்கலாம். மாற்றித் தருவார் என்று நம்பி அழைக்காதீர்கள்.

விஷயம் தெரிந்தவரிடம் வரும் சிக்கல் வேறு. அரை மணி நேரத்தில் 60 ஸ்லைடுகளைக் காட்டுவார். இவரைச் சரிசெய்ய முடியும்: உரைக்குப் பதிலாக நேர்காணல் வடிவம் கொடுங்கள். நன்றாகக் கேட்கத் தெரிந்த தொகுப்பாளர் எதிரே அமர்ந்தால், மேடையில் தடுமாறும் நிபுணரும் இயல்பாகப் பேசிவிடுவார்.

காணொளியைப் பார்த்து எப்படி முடிவு செய்வது?

மூன்று நிமிட விளம்பரத் துணுக்கை ஒதுக்குங்கள். அதில் இருப்பது படத்தொகுப்பாளரின் திறமை. வெட்டாத முழு உரையைக் கேட்டு வாங்குங்கள். கைபேசியில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. தர மறுத்தால், அல்லது அப்படி ஒன்று இல்லையென்றால், 20 நிமிடம் காணொளி அழைப்பில் பேசிப் பாருங்கள்.

முழு உரை கிடைத்தால் முதல் ஐந்து நிமிடத்தைத் தாண்டிச் செல்லுங்கள். தொடக்கம் எல்லாருக்கும் மனப்பாடம். பார்க்க வேண்டியது 15ஆம் நிமிடத்திலிருந்து 25ஆம் நிமிடம் வரை: ஒரு கருத்திலிருந்து அடுத்ததற்கு எப்படிப் போகிறார், எடுத்துக்காட்டு சொந்தமானதா எல்லாரும் சொல்வதா, திரையைப் பார்த்து வாசிக்கிறாரா. பிறகு கேள்வி நேரத்துக்குப் போங்கள். கேட்ட கேள்விக்கு விடை சொல்கிறாரா, தெரிந்த வேறொன்றைச் சொல்லி நழுவுகிறாரா? “எனக்குத் தெரியாது” என்று மேடையில் சொல்லத் துணிந்தவரை நம்பி அழைக்கலாம்.

அடுத்து, படத்தை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். தோற்றமும் உடல்மொழியும் தரும் மயக்கம் விலகிவிடும். கடைசியாக, இரண்டு வெவ்வேறு ஆண்டுகளின் உரைகளை ஒப்பிடுங்கள். அதே நகைச்சுவை, அதே கதை, அதே இடைநிறுத்தம் என்றால் உங்களுக்கும் அதுதான் கிடைக்கும்.

முன்பு அழைத்தவர்களிடம் என்ன விசாரிக்கலாம்?

“எப்படிப் பேசினார்?” என்று கேட்டால் “நன்றாகப் பேசினார்” என்றுதான் பதில் வரும். குறிப்பாகக் கேளுங்கள்: ஒதுக்கிய நேரத்தில் முடித்தாரா? உங்கள் அவைக்காக எதையாவது மாற்றினாரா? அனுப்பிய மடல்களுக்கு எத்தனை நாளில் பதில் வந்தது? மேடையில் தன் புத்தகத்தையோ வகுப்பையோ விற்றாரா? மறுபடி அழைப்பீர்களா? கடைசிக் கேள்விக்குப் பதில் வர ஒரு நொடி தாமதமானால் அதையும் பதிலாக எடுத்துக்கொள்ளலாம். பேச்சாளர் கொடுத்த பெயர்களோடு நிறுத்தாமல், நீங்களாகத் தேடிப்பிடித்த ஒருவரிடமும் கேளுங்கள்.

கட்டணத்தை எப்படிப் பேசுவது?

உங்களிடம் உள்ள தொகையை முதல் மடலிலேயே சொல்லிவிடுங்கள். இரு தரப்புக்கும் இரண்டு வாரம் மிச்சமாகும். கட்டணம் என்று சொல்லும்போது அதில் எது அடக்கம் என்று வரிவரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: பயணம், தங்குமிடம், உணவு, உடன் வருபவரின் செலவு, வரிகள், முன்தயாரிப்புக் கூட்டங்கள், ஒளிப்பதிவு அனுமதி. பேசிய தொகைக்கும் கடைசியில் வரும் தொகைக்கும் இடையே சண்டை வருவது எப்போதும் இந்த விவரங்களில்தான்.

தொகை போதவில்லையென்றால் குறைக்கச் சொல்லி வற்புறுத்துவதைவிட, அதே பணத்துக்குக் கூடுதலாகப் பெறலாம்: மதியம் சிறு குழுவுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி, அல்லது மறுநாள் இணையவழிக் கேள்வி நேரம். உங்கள் தரப்பிலிருந்தும் கொடுக்க வழி உண்டு: தரமான ஒளிப்பதிவின் நகல், புத்தகப் படிகளை மொத்தமாக வாங்குவது, பயணம் குறையும்படி அருகிலுள்ள இன்னொரு நிகழ்ச்சியோடு தேதியை இணைப்பது.

“கட்டணம் இல்லை, ஆனால் நல்ல அறிமுகம் கிடைக்கும்” என்று எழுதவே வேண்டாம். பணம் இல்லையென்றால் இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். கொள்கைக்காக வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமும் பயணச் செலவைச் சுமத்தக் கூடாது.

அழைப்பு மடலில் என்ன எழுதுவது?

ஒரே பக்கம். புகழுரை இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். மாதிரி:

“வணக்கம். சிறுதொழில் முனைவோருக்காக நாங்கள் நடத்தும் கருத்தரங்கில் உரையாற்ற உங்களை அழைக்கிறோம். நாள்: (தேதி). நேரம்: காலை 10.30 முதல் 11.15 வரை, உரைக்கு 28 நிமிடம், கேள்விகளுக்கு 12 நிமிடம். ஏறத்தாழ 120 பேர் வருவார்கள். பெரும்பாலோர் கணக்கியல் படிக்காதவர்கள். தங்கள் பொருளின் அடக்க விலையைத் தாங்களே கணக்கிட அவர்கள் பழக வேண்டும் என்பது எங்கள் நோக்கம். இதே பொருளில் நீங்கள் ஆற்றிய உரையைக் கேட்டோம். மறைமுகச் செலவை விளக்கிய பகுதி எங்களுக்கு மிகவும் பொருந்தும். மதிப்பூதியமாக (தொகை) வழங்க இயலும். பயணமும் தங்குமிடமும் எங்கள் பொறுப்பு. (தேதி)க்குள் உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டுகிறோம்.”

பதிலுக்கான தேதி முக்கியம். அது இல்லாத மடலுக்குப் பதிலும் இல்லாமல் போவதுண்டு. ஒரே இடத்துக்கு ஒரே சமயத்தில் இருவரை அழைக்காதீர்கள். இருவரும் சம்மதித்துவிட்டால் ஒருவரை இழப்பது உறுதி, அதுவும் நிரந்தரமாக.

எழுத்துப்பூர்வமான ஒப்பந்தம் தேவையா?

பணம் கைமாறினாலும் மாறாவிட்டாலும் தேவை. வழக்கறிஞர் மொழியில் இருக்க வேண்டியதில்லை. இரு தரப்பும் “சம்மதம்” என்று பதில் எழுதிய மின்னஞ்சலே சிறு நிகழ்ச்சிக்குப் போதும். தேதி, நேரம், தலைப்பு, தொகை, அது எப்போது எப்படிச் செலுத்தப்படும் என்பவை எல்லாரும் எழுதுபவை. விட்டுப்போவது இவை:

- ரத்தானால் என்ன? 60 நாளுக்கு முன் என்றால் கட்டணம் இல்லை, 30 நாளுக்குள் என்றால் பாதி, கடைசி வாரத்தில் என்றால் முழுத் தொகை என்பதுபோல் படிகளாக எழுதலாம். பேச்சாளர் ரத்து செய்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதும் வேண்டும்.
- தள்ளிவைப்பு ரத்து ஆகுமா, ஆகாதா?
- ஒளிப்பதிவை எங்கே, எவ்வளவு காலம் வெளியிடலாம்? உறுப்பினர்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? உரை முடிந்தபின் இதைக் கேட்டால் மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு.
- மேடையிலிருந்து விற்பனை செய்யலாமா? வாசலில் புத்தக மேசை போடலாம், மேடையில் கூடாது என்று பிரித்து எழுதுவது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

நிகழ்ச்சிக்குப் பணம் தரும் புரவலர் தன் ஆளைப் பேச வைக்கச் சொல்கிறார். தவிர்ப்பது எப்படி?

முழுவதும் தவிர்க்க முடியாது. இடம் மாற்ற முடியும். அவருக்கு 5 நிமிட வாழ்த்துரையோ கலந்துரையாடலில் ஓர் இருக்கையோ கொடுத்து, மைய உரையைக் காப்பாற்றுங்கள். “எல்லாப் பேச்சாளர்களின் உரைச் சுருக்கத்தையும் நிகழ்ச்சிக் குழு முன்கூட்டியே பார்க்கும்” என்ற விதியைப் புரவலர் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிட்டால், பிறகு தனிப்பட்ட முறையில் யாரையும் மறுக்க வேண்டியிராது.

பேச்சாளர் ஒப்புக்கொண்டுவிட்டார். அவருக்கு என்னென்ன சொல்ல வேண்டும்?

நல்ல பேச்சாளர் சொதப்பினார் என்றால், பெரும்பாலும் அவருக்கு எதுவும் சொல்லப்படவில்லை என்று பொருள். மூன்று வாரத்துக்கு முன் அரை மணி நேரம் பேசுங்கள். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். அவையினர் யார், அவர்களை இப்போது உறுத்தும் மூன்று பிரச்சினைகள் எவை, சென்ற ஆண்டு யார் எதைப் பற்றிப் பேசினார், இவருக்கு முன்னும் பின்னும் யார் பேசுகிறார்கள், அவையினருக்குள் வழங்கும் சொற்கள் என்ன என்பவை அதில் இருக்கட்டும். தொடக்கூடாத விஷயங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். போன மாதம் ஆட்குறைப்பு நடந்த நிறுவனத்தில் “மாற்றத்தை மகிழ்ச்சியோடு வரவேற்போம்” என்று ஒருவர் தொடங்கினால், பழி அவர்மேல் விழும், குற்றம் உங்களுடையது.

தலைப்பை நீங்களே முடிவு செய்து திணிக்காதீர்கள். நோக்கத்தை நீங்கள் சொல்லுங்கள், தலைப்பை அவர் சொல்லட்டும், சொல்லமைப்பைச் சேர்ந்து திருத்துங்கள்.

எத்தனை நிமிடம் ஒதுக்குவது?

45 நிமிட அமர்வில் 45 நிமிட உரை அடங்காது. அறிமுகம், மேடையேறுதல், மைக் மாட்டுதல் எல்லாம் சேர்ந்து 5 நிமிடம் போகும். உரைக்கு 28, கேள்விக்கு 12 என்று பேச்சாளரிடம் சொல்லுங்கள். சிறு உரைகளுக்குப் பேர்போன டெட் (TED) மாநாட்டு மேடையில் உரைக்கான உச்சவரம்பு 18 நிமிடம்; பெரிய கருத்தையும் அதற்குள் சொல்லிவிட முடிகிறது. உணவுக்குப் பிந்தைய இடத்தில் உரையை வைக்காமல், ஆட்கள் எழுந்து ஏதாவது செய்யும் அமர்வை வையுங்கள்.

நேரம் காட்டுபவர் முதல் வரிசையில் பேச்சாளரின் பார்வையில் படும்படி உட்கார வேண்டும். 10, 5, 1 என்று பெரிய எண் எழுதிய அட்டைகள் போதும். எண் காட்டியும் முடிக்காதவரை யார் நிறுத்துவது என்பதை முன்பே தீர்மானியுங்கள். தொகுப்பாளர் எழுந்து மேடையின் ஓரத்தில் நின்றாலே பெரும்பாலோர் முடித்துவிடுவார்கள்.

கலந்துரையாடலில் எத்தனை பேர் இருக்கலாம்?

மூவர், மிஞ்சினால் நால்வர். கணக்குப் போட்டால் காரணம் தெரியும்: 60 நிமிடத்தில் அறிமுகத்துக்கு 5, அவையின் கேள்விகளுக்கு 15 கழித்தால் மிச்சம் 40. நால்வருக்குத் தலா 10 நிமிடம். ஆறு பேரை உட்கார வைத்தால் தலா 7 நிமிடம்கூட வராது. ஒவ்வொருவரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில் பாதி கரையும். எல்லாரும் ஒரே கருத்துக்காரர்களாக இருந்தால் மூவரும் அதிகம். ஆண்கள் மட்டுமே நிறைந்த மேடை, ஒரே நிறுவனத்தார் நிறைந்த மேடை ஆகியவற்றைப் பட்டியல் நிலையிலேயே கவனித்துத் திருத்துங்கள். கடைசி வாரத்தில் ஒப்புக்குச் சேர்ப்பது அழைக்கப்பட்டவருக்கே அவமதிப்பு.

மைக், ஸ்லைடு விஷயத்தில் எவை கெட்டுப்போகும்?

சட்டையில் குத்தும் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே, நடுவில் குத்த வேண்டும். சங்கிலியோ துப்பட்டாவோ உரசினால் கரகரப்பு அரங்கம் முழுவதும் கேட்கும். பேச்சாளர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தால் ஒலி குறையும். நடந்துகொண்டே பேசுபவருக்குக் காதில் மாட்டும் மைக் மேல். கையில் பிடிக்கும் மைக்கின் வலைப்பகுதியைப் பொத்திப் பிடித்தாலும், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றாலும் வீறிடும். கேள்வி கேட்பவர்களுக்குத் தனி மைக் இரண்டு வேண்டும். எல்லாவற்றுக்கும் புது பேட்டரி.

ஸ்லைடுகளை முந்தின நாளே வாங்கி, அரங்கில் உள்ள கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். தமிழில் ஸ்லைடு செய்பவர்களுக்கு நிகழும் விபத்து ஒன்று உண்டு: யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எல்லாம் புரியாத குறிகளாக மாறிவிடும். யூனிகோடில் கேளுங்கள், கூடவே எழுத்துருக்களை உட்பொதித்த பிடிஎஃப் படியும் வாங்குங்கள். திரை 16:9 அளவா, 4:3 அளவா என்று முன்பே தெரிவியுங்கள். எழுத்து 24 புள்ளிக்குக் குறையக் கூடாது. பேச்சாளர் தன் மடிக்கணினியைத்தான் பயன்படுத்துவார் என்றால் எச்டிஎம்ஐ கம்பியும் யூஎஸ்பி-சி இணைப்பியும் உங்கள் கையிலும் இருக்கட்டும். காணொளி இருந்தால் ஒலி அரங்கப் பெட்டியில் வருகிறதா என்று தனியே சோதியுங்கள். படம் வந்து ஒலி வராமல் போவதுதான் வழக்கம்.

இணையவழிப் பேச்சாளர் என்றால் வைஃபைக்குப் பதில் கம்பி இணைப்பு, முகத்துக்கு எதிரே விளக்கு, 30 நிமிடம் முன்னதாக இணைதல். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 5 மெகாபிட் இருந்தால் கவலை இல்லை. அவருடைய ஸ்லைடுகளின் படி உங்களிடமும் இருந்தால், இணைப்பு தள்ளாடும்போது நீங்கள் ஓட்ட, அவர் தொலைபேசியிலேயே பேசி முடிக்கலாம்.

அறிமுக உரை எப்படி இருக்க வேண்டும்?

ஒரு நிமிடம். வாழ்க்கைக் குறிப்பை வாசிக்காதீர்கள். இந்தப் பொருளைப் பற்றி இவர் பேசுவதை ஏன் கேட்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணம் சொன்னால் போதும். பெயரையும் முன்னெழுத்தையும் பட்டத்தையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரிடமே கேட்டு உறுதி செய்யுங்கள்.

காலையில் வர முடியவில்லை என்று தொலைபேசி வந்தால்?

இதற்கான விடை இரண்டு வாரம் முன்பே தயாராக இருக்க வேண்டும். அதே நாளில் வேறு அமர்வில் பேசுபவர் ஒருவரிடம், தேவைப்பட்டால் 20 நிமிடம் கூடுதலாகப் பேச முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள். இல்லையென்றால், வந்திருக்கும் பேச்சாளர் இருவரை உட்கார வைத்து அவையின் கேள்விகளுக்கு விடை சொல்லச் சொல்லலாம். அவையிடம் காரணத்தை ஒரே வரியில் சொல்லி நகருங்கள். வராதவரின் ஒளிப்பதிவைத் திரையில் போட்டு நேரத்தை நிரப்புவது கடைசி வழி. பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் பொறுக்கமாட்டார்கள்.

முடிந்தபின் என்ன செய்வது?

மதிப்பூதியத்தைச் சொன்ன நாளில் கொடுங்கள், முடிந்தால் அன்றே. நன்றி மடலை இரண்டு நாளுக்குள் அனுப்புங்கள், அவையினர் எழுதிய கருத்துகளில் பயனுள்ளவற்றைச் சேர்த்து. கருத்துப் படிவத்தில் “உரை எப்படி இருந்தது?” என்பதை மட்டும் வைத்தால் சிரிக்க வைத்தவருக்கே மதிப்பெண் குவியும். “இன்று கேட்டதில் எதைச் செய்து பார்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஆட்களில் பத்துப் பேரிடம் “செய்தீர்களா?” என்று விசாரித்து, கிடைத்த பதிலைப் பேச்சாளர் பெயருக்கு எதிரே குறித்து வைத்தால், அடுத்த ஆண்டுப் பட்டியலை அங்கிருந்தே தொடங்கலாம்.